சென்னிமலை டூ லும்பினி: அப்பாவோடு சொந்தக் காரில் போகிறோம், யோசனை சொல்லுங்க

நொய்யல்காரன்

தைப்பூசத் தேர் நிலை சேர்ந்ததும் கிளம்பலாம் என்று இருக்கிறோம். நான், அப்பா, மச்சான், மூன்று பேர். வண்டி எர்டிகா, பெட்ரோல், டிஎன் 56. போகிற இடம் நேபாளத்தில் இருக்கும் லும்பினி. புத்தர் பிறந்த இடம் இதுதான் என்று அசோகர் கல்தூண் நட்டாரே, அந்த ஊர்.

ஏன் அங்கே என்று வீட்டில் எல்லாரும் கேட்டாயிற்று. எங்கள் ஊருக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டரில் கொடுமணல். பள்ளிக்கூடம் போகிற வயதில் அங்கே தொல்லியல்காரர்கள் தோண்டுகிற குழிகளை வேடிக்கை பார்க்க சைக்கிளில் போவேன். ஒரு நாள் அங்கே வேலை செய்த மாணவர் ஒருவர் பானை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கூட்டல் குறி இருக்கில்ல தம்பி, இதுதான் க" என்றார். கணக்கு நோட்டில் போடுகிற குறி எப்படி 'க' ஆகும் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே கூட்டல் குறி லும்பினித் தூணிலும் இருக்கிறது என்று பின்னால் படித்தேன். அதிலிருந்து அரிப்புதான்.

அப்பாவுக்கு இதில் எல்லாம் அக்கறை கிடையாது. 1980களில் ஈரோட்டு மஞ்சள் ஏற்றிக்கொண்டு நாக்பூர், ஜபல்பூர் ஓடிய லாரி டிரைவர். "ரோட்டப் பாத்து நாளாச்சு, நானும் வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

வண்டிக்கு என்னென்ன பேப்பர் வேண்டும்? எந்த ரூட் நல்லது? போய் வந்தவர்கள் சொல்லுங்க.

தறிச்சத்தம்

ராப்திசாகர் ரயில் ஈரோட்டிலேயே நிற்கும். ஏறிப் படுத்தால் கோரக்பூர். அங்கிருந்து எல்லை நூறு கிலோமீட்டர்கூட வராது. ஒரு தூணுக்கு எதுக்குங்க இத்தனை பெட்ரோல்?

நொய்யல்காரன்

ரயிலில் ஏறினால் அப்பா ஸ்டியரிங்கைத் தேடுவார், அதனால்தான்.

சங்ககிரி லோடு

தம்பி, உங்க அப்பா கிட்ட ரூட் கேட்காம இங்க கேட்கறீங்களே! பழைய ஏழாம் நம்பர் ரோடு எதுன்னு அவருக்குத் தெரியாததா? காசியில் ஆரம்பித்து கன்னியாகுமரியில் முடியும், 2,369 கிலோமீட்டர். நம்ம சேலம், நாமக்கல், கரூர் எல்லாம் அதன் மேல்தான். 2010ல் நம்பரை எல்லாம் மாற்றி இந்தப் பக்கத்துக்கு 44 என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வாயில் இன்னும் ஏழுதான் வருது.

சென்னிமலையில் ராத்திரி 12 மணிக்கு எடுங்கள். விடிவதற்குள் ஓசூர், பெங்களூர் இரண்டையும் தாண்டிவிட வேண்டும். விடிந்த பிறகு பெங்களூருக்குள் நுழைந்தால் அந்த நாள் கணக்கில் இல்லை. அப்புறம் அனந்தப்பூர், கர்னூல், ஐதராபாத் ரிங் ரோடு, நிர்மல், அடிலாபாத், நாக்பூர். கண்ணை மூடிக்கொண்டு போகலாம் (மூடாதீங்க). நாக்பூர் தாண்டி சிவனிக்குப் போகிற வழியில் பென்ச் காடு வரும். அங்கே புலி, மான் எல்லாம் அடியில் நடந்து போக ரோட்டையே பாலமாகத் தூக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்தக் காட்டில் வண்டி பஞ்சர் ஆனால் கிளீனரை இறங்கு என்று சொல்லவே வாய் வராது.

முக்கியமானது லக்னாதோன். அங்கே 44 நேராக சாகர் பக்கம் போய்விடும். பழைய ஏழு ஜபல்பூருக்கு வலது கை பிரியும். கூகுள் எதையாவது சொல்லும், போர்டைப் பாருங்கள். ஜபல்பூர், ரீவா, பிரயாக்ராஜ், கோரக்பூர், எல்லை ஊரான சோனாலி. மொத்தம் ஒரு பக்கம் 2,300, 2,400 வரும்.

மகா சிவராத்திரி வரை பிரயாக்ராஜில் மாக மேளாக் கூட்டம் இருக்கும். குளிக்கிற நாளாகப் போய் மாட்டிக்கொள்ளாதீங்க. மார்கழி, தையில் அந்தப் பக்கம் மூடுபனி, முன்னால் போகிற வண்டியின் டெயில் லேம்ப்கூடத் தெரியாது. நீங்க பூசம் கழித்துப் போவது சரி.

கோபி மஞ்சள்

நாங்கள் போய் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பேப்பர் விவரம் என்னிடம் இருக்கு, எழுதிக்கோங்க.

நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீங்க. நம்ம ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும், வண்டியும் இடது பக்கம்தான். காருக்கு எல்லையில் சுங்கச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே 'பன்சார்' என்று சொல்வார்கள். எத்தனை நாள் தங்குகிறோமோ அத்தனை நாளுக்குக் கட்டணம். ஒரு நாள் கூடவே போட்டு வாங்குங்கள். நாள் தாண்டித் திரும்பினால் அபராதம் கட்டுவது உறுதி.

எல்லாரும் கோட்டை விடுவது இன்சூரன்சில். நம்ம பாலிசி எல்லையோடு நின்றுவிடும். கூடுதல் பணம் கட்டினால் நேபாளத்துக்கும் சேர்த்து நீட்டித்துத் தருவார்கள். கிளம்புவதற்கு முன்னாடியே ஏஜென்டிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆர்சி வேறு ஆள் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றும் வேண்டும்.

நம்ம 100 ரூபாய் அங்கே 160. நூறு ரூபாய்த் தாளாக ஒரு கட்டு வைத்துக்கோங்க, பெரிய நோட்டை வாங்கத் தயங்குவார்கள். கடிகாரம் நம்மைவிட 15 நிமிஷம் முந்தி ஓடும். அரை மணி என்றாலும் பரவாயில்லை, அது என்ன கால் மணி என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

பானையோடு

நொய்யல்காரன் தம்பி, இத்தனை தூரம் போகிறீர்கள், வழியிலேயே அசோகர் இருக்கிறார், விட்டுவிடாதீங்க. அனந்தப்பூர் தாண்டி கூத்தி வரும். அங்கே 44ஐ விட்டு பத்திகொண்டா போகிற ரோட்டில் பதினைந்து கிலோமீட்டருக்குள் எர்ரகுடி. 1929ல் வெளிச்சத்துக்கு வந்த பாறைகள். பெரும்பாறைச் சாசனம் 14ம் அங்கே இருக்கின்றன, சிறுபாறைச் சாசனமும் இருக்கிறது. அந்தச் சிறு சாசனத்தில் ஒரு விசேஷம். சில வரிகள் இடமிருந்து வலமாகவும் அடுத்தது வலமிருந்து இடமாகவும் போகும், காளை உழுதுவிட்டுத் திரும்புகிற மாதிரி.

நமக்கு வேண்டியது இரண்டாம் சாசனம். என் எல்லைக்கு வெளியே இருக்கிற நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருந்து கிடைக்க ஏற்பாடு செய்தேன் என்கிறார் அசோகர். அந்த நாடுகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர். இந்தச் சத்தியபுத்திரர் யார் என்று வெகுகாலம் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1981ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. சத்தியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்று பொருள். அத்தோடு பேச்சு அநேகமாக முடிந்தது. நீங்கள் காரில் தாண்டிப் போகிற தருமபுரி இருக்கிறதே, அந்தத் தகடூர்க்காரர்கள்தான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அஞ்சி பிற்காலத்தவர், ஆனால் அசோகர் சொல்வது அவர் குலத்தை.

தறிச்சத்தம்

அக்கா, அப்ப எழுத்தை அசோகர் கிட்டே இருந்துதான் நாம் கடன் வாங்கினோமா? கொடுமணல் ஓடு அசோகருக்கு முந்தியது என்று போன வருஷம் வாட்ஸப்பில் பார்த்தேனே. முந்தியது நம்முடையது என்றால் அவர்தானே இங்கே வந்து பார்க்க வேண்டும், இவர் எதுக்கு அங்கே போகிறார்?

பானையோடு

வாட்ஸப்பை விடுங்க, விஷயம் ஆய்வாளர்களிடமே இருக்கிறது. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன், அசோகர் சாசனங்களின் எழுத்தான பிராமியிலிருந்துதான் நம்ம பழைய எழுத்தான தமிழ் பிராமி கிளைத்தது என்றவர். கொடுமணலைத் தோண்டிய கா. ராஜன் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. பழனி அடிவாரத்தில் பொருந்தல் ஈமக்குழியில் எழுத்து கீறிய பிரிமனையும் (பானை வைக்கிற வளையம்) கூடவே நெல்லும் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிப்பு வந்தது. அசோகர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. நெல்லின் வயதை எழுத்துக்கு ஏற்றலாமா என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. என் சாய்வு ராஜன் பக்கம். ஆனால் அதை வைத்துக்கொண்டு லும்பினித் தூணைச் சின்னதாக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். தூணில் இருப்பவை அரசன் வெட்டிய எழுத்து. கொடுமணலில் எழுதியவர் சமைக்கிற, மணி கோக்கிற, இரும்பு உருக்குகிற ஆட்கள். தன் பாத்திரத்தில் தன் பெயரைக் கீறிக்கொண்டார்கள், நம்ம வீட்டு எவர்சில்வர் குண்டாவில் பெயர் வெட்டுகிற மாதிரி. 'ஆதன்' என்று ஒருத்தன் கீறியிருக்கிறான். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான்.

தறிச்சத்தம்

குண்டா உதாரணத்துக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் முந்தியது நம்முடையதுதான்.

மட்டுறுத்துநர்

யார் முந்தி என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே 400 பதிவு ஓடிவிட்டது. இங்கே பயணம் மட்டும்.

நொய்யல்காரன்

கர்னூல் விடுதியிலிருந்து எழுதுகிறேன். எர்ரகுடி பார்த்தாயிற்று.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வெயில் உச்சியில். பாறையில் எழுத்து இருக்கிறது என்று தெரிந்து பார்த்தாலும் அம்மி கொத்தின மாதிரிதான் தெரிகிறது. மச்சான் பத்து நிமிஷத்தில் காருக்குள் போய் ஏசியைப் போட்டுக்கொண்டார். நாலரை மணிக்கு மேல் வெயில் சாய்ந்து பாறையின் பக்கவாட்டில் விழுந்ததும் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் வந்து எழுத்தெல்லாம் எழுந்து நின்றது. யாராவது போவதாக இருந்தால் தயவுசெய்து சாயங்காலம் போங்க. அக்கா அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடினேன். 'ஸதி' என்று இரண்டு எழுத்து கிடைத்தது. கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன் என்று சொன்னாலும் சண்டைக்கு வர மாட்டேன். அப்பாவிடம், "நம்ம தருமபுரிக்காரங்க பேருங்கப்பா" என்று காட்டினேன். "தொப்பூர் கணவாயில ஏறறப்ப சொல்லியிருந்தா ஒரு கும்பிடு போட்டிருப்பேனே" என்றார்.

அந்தப் பக்கத்துக் காடுகளில் மழைக்குப் பிறகு வைரம் தேடுவார்களாம். பக்கத்துக் கடையில் டீ குடித்தபோது கடைக்காரரே தரையைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தார்.

சங்ககிரி லோடு

தொப்பூரில் கும்பிடு போடாத லாரிக்காரன் உண்டா. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்க.

நொய்யல்காரன்

மூன்றாம் நாள். சிவனி தாண்டி ஒரு தாபா. வெளியே மஞ்சள் பெயிண்டில் ஒரு ரிக் வண்டி, டிஎன் 34. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி. இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் திருச்செங்கோட்டு ரிக் ஒன்று மண்ணைக் குடைந்துகொண்டிருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது இப்போதுதான். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் அப்பா பிரேக் போடச் சொன்னார். வண்டியில் எட்டுப் பையன்கள், கிளம்பி ஏழு மாதம் ஆகிறதாம். ஒருத்தன் எங்கள் நம்பரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பெருந்துறைங்களா?" என்றான். அதன்பிறகு தாபாச் சாப்பாட்டை யார் தொட்டார்கள்? அவர்களே அடுப்பு மூட்டி அரிசிம்பருப்புச் சாதம் வைத்தார்கள். நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன நெய்யும் ஊறுகாயும் அங்கேயே காலி. கிளம்பும்போது ஒரு சின்னப் பையன் அப்பாவிடம், "ஊருக்குப் போனா எங்கம்மாளுக்கு ஒரு போன் போட்டு நல்லா இருக்கேன்னு சொல்லுங்க அப்பாரு" என்றான். அவனிடமே போன் இருக்கிறது. நேரில் பார்த்தவர் சொன்னால் அம்மா நம்புவார் என்று நினைத்திருப்பான் போல.

கோபி மஞ்சள்

எல்லை தாண்டியாச்சா? மூணு நாளா சத்தமே இல்லை.

நொய்யல்காரன்

தாண்டினோம், ஆனால் நம்ம லட்சணத்தோடு. அண்ணா, நீங்கள் அத்தனை விளக்கமாக எழுதியும் ஆர்சி விஷயத்தில் கோட்டை விட்டேன். கார் என் வீட்டுக்காரம்மா பெயரில் இருக்கிறது. வருஷக்கணக்காக ஓட்டுகிறேன், அது என் பெயரில் இல்லை என்பதே மறந்துபோச்சு. சோனாலியில் கடிதம் எங்கே என்றார்கள். வெளியே வந்ததும் ஒரு ஆள் தோளில் கை போட்டு, இரண்டாயிரம் கொடுங்க, கடிதமே இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்றான். நான் பர்சை எடுத்துவிட்டேன். அப்பா கையைப் பிடித்து, "வண்டிய ஓரம் போடு. செக்போஸ்ட்ல அவசரப்படறவன் தான் காசு கொடுப்பான்" என்றார். வீட்டுக்குப் போன் அடித்தோம். அவள் சென்னிமலையில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கடிதம் அடித்து, கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையோடு படம் எடுத்து அனுப்பினாள். அதை சோனாலியில் ஒரு கடையில் பிரின்ட் எடுத்தோம். இருபது ரூபாயும் இரண்டு மணி நேரமும் ஆயிற்று. உள்ளே ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் இன்றைக்கு வரை பேச்சு வாங்குகிறேன், அது தனி.

எல்லையிலிருந்து பைரவா, அங்கிருந்து மேற்கே 22 கிலோமீட்டர் லும்பினி. கோதுமை வயல், கடுகு வயல், சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரே சமவெளி. இமயமலை நாட்டுக்கு வந்திருக்கிறோம், ஒரு மேட்டைக்கூடக் காணோமே என்று மச்சானுக்கு ஏமாற்றம்.

பானையோடு

தூண்? தூணைச் சொல்லுங்க தம்பி.

நொய்யல்காரன்

சொல்கிறேன் அக்கா.

காரை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே பேட்டரி ரிக்‌ஷா. ஜப்பான் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே 1978ல் போட்டுக் கொடுத்த திட்டம், நடுவில் நேர்கோடாக ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாட்டு மடமாக நிற்கிறது. அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராகப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு மாயாதேவி கோயிலுக்குள் போனால் பழைய செங்கல் அடித்தளத்தின் மேல் மரப்பாதை. பிறந்த இடம் என்று ஒரு கல்லைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருப்பதால் இரண்டு நொடிதான் பார்க்கக் கிடைத்தது.

வெளியே வந்தால் மேற்குப் பக்கம் தூண், சுற்றிலும் கம்பி வேலி. தலை கிடையாது. மேலே குதிரை இருந்தது, இடி விழுந்து ஒடிந்து கிடந்தது என்று சீன யாத்திரிகர் சுவான்சாங் எழுதியிருக்கிறார். பிறகு காடு மூடி, யாருக்கும் தெரியாமல் போய், 1896 டிசம்பரில்தான் பால்பா ஆளுநர் கட்க சம்சேரும் ஃபியூரர் என்ற ஜெர்மானியரும் இருந்து தோண்டி வாசகத்தை வெளியே கொண்டுவந்தார்கள். வாசகம் இருந்த பகுதி மண்ணுக்குள் இருந்ததால் தேயவே இல்லை. எர்ரகுடியில் வெயில் சாய்கிற வரை காத்திருந்தேன் அல்லவா, இங்கே அது தேவைப்படவில்லை. போன வாரம் உளி வைத்த மாதிரி இருக்கிறது.

அஞ்சு வரி. முதல் வரியில் 'தேவானபியேன பியதசின லாஜின', தேவர்களுக்குப் பிரியமான பியதசி ராஜாவால், அதாவது அசோகரால். ராஜா என்பதற்கு லாஜா. அவர்கள் பேச்சில் ர வராது, ல தான். நான் தேடிப் போன கூட்டல் குறி கிடைத்தது. கல்லில் 'செய்வித்தார்' என்று வருகிற இடத்தில் 'காலாபித' என்ற சொல்லில் முதல் எழுத்து அது. சைக்கிளில் போய்ப் பார்த்த ஓட்டில் இருந்த அதே குறி. விரலால் காற்றில் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற இலங்கைப் பாட்டி ஒருவர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கும்பிட்டார்.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. 'ஹித புதே ஜாதே', இங்கே புத்தர் பிறந்தார் என்ற வரி. புத்தர் என்ற பெயரின் முதல் எழுத்து அவர்கள் 'ப', அதாவது பலம் என்பதில் வருகிற அழுத்தமான ஒலி. அதற்கு எழுத்து வெறும் சதுரக் கட்டம். அடுத்த எழுத்து ஒரு வில் மாதிரி. இந்த இரண்டும் தமிழுக்குத் தேவைப்படாத எழுத்துகள், நாம் ஒரே 'ப'வையும் ஒரே 'த'வையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளித்தோம். நமக்கு வேண்டிய ழ, ள, ற, ன அங்கே கிடையாது, நாம் தனியாகச் செய்துகொண்டோம். ஆதன் என்று ஓட்டில் கீறின ஆளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் முக்கால்வாசி படித்திருப்பான், புத்தர் பெயரில் வந்து தட்டுத் தடுமாறியிருப்பான்.

கடைசி வரியை அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். புத்தர் பிறந்த ஊர் என்பதால் லும்மினி கிராமத்துக்கு வரி தள்ளுபடி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தால் போதும். ஆறில் ஒரு பங்கு வாங்குவது வழக்கமான காலத்தில் இது சலுகைதான். அப்பா அதுவரை தூணின் மேல்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுக வெடிப்பு ஓடியிருக்கிறது, இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். "லீப் ஸ்பிரிங்குக்குப் போடற மாதிரி போட்டிருக்காங்க, நல்லாத்தான் இறுக்கியிருக்கான்" என்றார். வரிக் கணக்கைக் கேட்டதும், "எட்டுல ஒண்ணா? நாங்க செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட் கட்டினத கூட்டிப் பாத்தா இந்த ராசா தேவலை" என்றார். ரசீது எழுதிக் கட்டியதைவிட ரசீது இல்லாமல் நிறையக் கட்டினவர்.

தறிச்சத்தம்

சரிங்க, ஒத்துக்கறேன், ரயிலில் போயிருந்தால் இது கிடைச்சிருக்காது. செலவு எவ்வளவு ஆச்சு?

நொய்யல்காரன்

காசி வழியாகத் திரும்பினோம். மொத்தம் 5,060 கிலோமீட்டர், 13 நாள். லிட்டருக்கு 16 கொடுத்தது. பெட்ரோல் மட்டும் முப்பத்திரண்டாயிரம், டோல் தனி. ஒரு டயர் ரீவா பக்கத்தில் போயிற்று. அறை வாடகையில் மிச்சம் பிடித்ததை மச்சான் பனாரஸ் பட்டுக்குக் கொடுத்துவிட்டார். காசியைப் பற்றி நான் புதுசாக என்ன எழுத.

நேபாளத்தில் இருந்த மூன்று நாளும் அப்பா கடிகாரத்தை மாற்றவே இல்லை. கால் மணி நேரத்துக்காகத் திருகினால் சாவி தேயும் என்றார்.

பானையோடு

அப்பா கொடுமணல் பக்கம் வந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே சுற்றிக்காட்டுகிறேன்.

நொய்யல்காரன்

முந்தாநாளே போய்விட்டு வந்துவிட்டார் அக்கா, டிவிஎஸ் 50ல், தனியாக. இத்தனை வருஷமாக பக்கத்திலேயே இருந்தும் ஒரு தரம்கூடப் போனதில்லை. "குழியெல்லாம் மூடிட்டாங்க, சோளத்தட்டு நிக்குது" என்றார். வரப்பில் கிடந்த ஓடு ஒன்றை எடுத்துத் துடைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாராம். எழுத்து ஒன்றும் இல்லை, அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

பானையோடு

வைத்ததும் நல்லதாகப் போயிற்று. எடுத்து வந்திருந்தால் திரும்பக் கொண்டுபோய் வைக்கச் சொல்லியிருப்பேன்.